கண்டக்டர் இல்லாத ஊர்

முதல் நாள், வெள்ளி

திருச்சி - புதுக்கோட்டை தடத்தில் முப்பத்தொரு வருஷம் விசில் ஊதியவன் நான். திருச்சி விமான நிலையம் அந்தச் சாலையிலேயேதான் இருக்கிறது. "ஏர்போர்ட்லாம் எறங்கு" என்று ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது கத்தியிருப்பேன். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும், வழியனுப்ப வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் நாலு பேர். இவர்களை இறக்கிவிட்டு அடுத்த ஸ்டாப்பிங் போய்க்கொண்டே இருந்தவன், ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து நேற்று அதே இடத்தில் இறங்கினேன். என் கையிலும் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே வடகம், கருவேப்பிலைப் பொடி, பேத்திக்கு அதிரசம்.

சிங்கப்பூருக்கு விமானம் நாலு மணி நேரம். என் கணக்கில் ஒரு டிரிப் போய்த் திரும்பிச் சாப்பிட உட்காரும் நேரம். கடிகாரத்தை மட்டும் இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

வருகைப் படிவத்தை மகள் மூன்று நாளைக்கு முன்பே இணையத்தில் நிரப்பிவிட்டாள். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது இல்லை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் குடிநுழைவில் ஒரு இயந்திரம் பாஸ்போர்ட்டைப் படித்தது, முகத்தைப் பார்த்தது, கதவைத் திறந்துவிட்டது. முத்திரை குத்தவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு அதில் பெரிய மனக்குறை. "ஏங்க, வந்ததுக்கு அத்தாட்சியே இல்லையே" என்றாள். அத்தாட்சி மின்னஞ்சலில் வருமாம்.

வழிகாட்டிப் பலகைகளில் ஆங்கிலம், சீனம், மலாய், கூடவே தமிழ். இந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவசரத்தில் தமிழில் படிக்கும்போது அது வேறு மாதிரி உறைக்கிறது.

மகள் வீடு வடக்கே ஈசூனில். உட்லண்ட்ஸிலிருந்து ஈசூன் வழியாக விமான நிலையம் வரை 858 என்று ஒரு பஸ் ஓடுகிறது. அதிலேயே போகலாம் என்றேன். பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த மாப்பிள்ளை, "மாமா, பஸ் எங்கயும் போயிடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று டாக்சியைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாம் நாள், சனி

காலை ஏழு மணிக்கே ஈசூன் பேருந்து முனையத்துக்குப் போய்விட்டேன். மற்றவர்கள் கோயிலுக்குப் போவதுபோல நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். ஆனால் இதைப் பஸ் ஸ்டாண்ட் என்று சொல்ல வாய் வரவில்லை. குளிரூட்டிய கூடம். தடத்துக்கு ஒரு வரிசை, வரிசையில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பஸ் வந்து நிற்கும், கதவு திறக்கும், அப்புறம்தான் நகர்வார்கள். துண்டு போட்டு இடம் பிடிப்பவர் யாரும் இல்லை. (சாப்பாட்டுக் கடையில் மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பாக்கெட்டை வைத்து இடம் பிடிக்கிறார்கள். அதை மதியம் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.)

ஓட்டுநரை இங்கே 'பஸ் கேப்டன்' என்கிறார்கள். கண்டக்டர் இல்லை. 1970களில் தொடங்கிப் படிப்படியாக எடுத்துவிட்டார்களாம். முன் கதவில் ஏறும்போது கார்டைக் காட்டினால் ஒரு 'பீப்'. பின் கதவில் இறங்கும்போது மறுபடி காட்ட வேண்டும், இன்னொரு 'பீப்'. போன தூரத்துக்குத்தான் காசு. நம் ஊரில் எங்கே இறங்குவாய் என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்போம். இங்கே ஏறுகிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, இறங்கின பிறகு கணக்கு. ரொக்கமும் போடலாம், ஆனால் உண்டியலில் போட்டது போட்டதுதான், மீதி வராது. டிக்கெட்டின் பின்பக்கம் மீதிச் சில்லறையை எழுதிக் கொடுத்து, பாதிப் பேர் அதை வாங்க மறந்து இறங்கிப்போன என் தொழிலின் பெரிய பாவம் இங்கே யாருக்கும் இல்லை.

இன்னொன்றையும் ரசித்தேன். பஸ்ஸிலிருந்து ரயில், ரயிலிலிருந்து பஸ் என்று மாறினாலும் மொத்தத்தையும் ஒரே பயணமாகச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை மாறலாம், ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் 45 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வாயால் கணக்குப் போட்ட எனக்கு அந்த இயந்திரத்தின்மேல் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது.

அந்த மரியாதை மதியம் வரைதான் இருந்தது. மாடி பஸ்ஸில் மேலே முன் வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி வந்தவன், அங் மோ கியோவில் கூட்டத்தோடு இறங்கிவிட்டேன். கார்டைக் காட்ட மறந்துபோச்சு. பஸ் போன பிறகு ஞாபகம் வந்து ஒரு எட்டு ஓடினேன். விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன். கடைசி நிறுத்தம் வரை போனதாக முழுக் கட்டணத்தையும் பிடித்துக்கொண்டார்களாம். ராத்திரி மகள் செல்போனில் பார்த்துச் சொன்னாள். டிக்கெட் எடுத்த இடத்தைத் தாண்டி 'ஓவர் டிராவல்' பண்ணியவர்களிடம் அபராதம் எழுதிய காலம் போய், இறங்கிப்போனவன் நான் ஓவர் டிராவல் கட்டியிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் வாங்கிய வங்கி அட்டையையே இங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் காட்டலாம். ஆனால் வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். நிறைய நாள் தங்கினால் இந்த ஊர்ப் பயண அட்டையே வாங்கிவிடுங்கள். டாலரை இங்கே நம்மவர்கள் 'வெள்ளி' என்கிறார்கள். சென்ட்டுக்குக் 'காசு'. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள், ஞாயிறு

ரயில். பழைய செய்தித்தாள் தமிழில் சொன்னால் பெருவிரைவு ரயில், வாயில் வருவது எம்ஆர்டி. 1987 நவம்பரில் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு தொடங்கியது. இன்று சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு, நீலம், பழுப்பு என்று ஆறு தடங்கள். ஊதாத் தடத்தில் ஓட்டுநரும் கிடையாது. பேத்தி என்னை முதல் பெட்டியின் முன்கண்ணாடிக்கு இழுத்துக்கொண்டு போய், "தாத்தா, இப்ப நீதான் டிரைவர்" என்றாள். கண்டக்டரை டிரைவர் ஆக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் டிப்போவில் கேட்டால் சொல்வார்கள்.

ரயிலுக்குள் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். டுரியான் பழத்துக்கும் தடை, படம் போட்டு எழுதியிருக்கிறது. சூயிங் கம்மை ரயில் கதவின் உணர்கருவியில் ஒட்டி யாரோ விளையாட, கதவு மூடாமல் ரயில் நின்றதுண்டு. 1992இல் நாடு முழுவதும் கம்முக்கே தடை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மெல்லும் புகையிலைக்கும் தடை உண்டு. வெற்றிலைப் பழக்கம் உள்ளவர்கள் புகையிலைப் பொட்டலத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

நியூட்டனில் மாறி அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலை. தேக்கா மார்க்கெட்டில் மட்டன் வாங்கும் கூட்டம், வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்புக் குவியல், மல்லிகைப் பூ. தேர் முட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கட்டுமானத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். புல்வெளியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து செல்போனில் வீட்டு முகம் பார்க்கிறார்கள். ஒரு வட்டத்தில் பேச்சுக் கொடுத்தேன். ஆலங்குடி, கீரனூர், அறந்தாங்கி. அதில் ஒருத்தன் என்னையே உற்றுப் பார்த்து, "அண்ணே, நீங்க காலைல அஞ்சு நாப்பது வண்டில வருவீங்கல்ல?" என்றான். கல்லூரிக்குப் பாஸில் வந்தவனாம். பாஸைக் காட்டாமல் ஏய்த்த நாட்களும் உண்டு என்று இப்போது ஒப்புக்கொண்டான். விடு, தள்ளுபடி என்றேன். எனக்குக் காசு கொடுக்க விடாமல் டீ வாங்கிக் கொடுத்தான்.

விடுதிக்குத் திரும்பத் தனி பஸ் இருக்கிறது என்றான். வேலைக்கு எப்படிப் போகிறாய் என்றேன். "லாரிண்ணே" என்றான், அது ஒரு விஷயமே இல்லை என்பது போல.

நான்காம் நாள், திங்கள்

காலை ஆறரைக்குப் பால்கனியில் நின்று பார்த்தேன். லாரிகள். பின்னால் தகரக் கூரை, பக்கத்தில் தடுப்பு, தரையில் இரண்டு வரிசையாக முழங்காலைக் கட்டிக்கொண்டு பையன்கள். பாதிப் பேர் தூக்கத்தில். காரில் பின்சீட்டில் பெல்ட் போடாவிட்டாலும் அபராதம் போடுகிற நாடு இது. ஆனால் தொழிலாளிகளை லாரியின் பின்னால் ஏற்றிப் போவது இங்கே சட்டப்படி சரிதான். நாடாளுமன்றத்திலும் பலமுறை பேசியிருக்கிறார்கள். பஸ் வைத்தால் சிறு நிறுவனங்கள் செலவைத் தாங்காது என்பது சொல்லப்படும் காரணம்.

படியில் தொங்கியவர்களை முப்பத்தொரு வருஷம் உள்ளே இழுத்துப் போட்ட கை எனக்கு. செலவுக் கணக்கு எனக்கும் புரியும், தினமும் கலெக்‌ஷன் கட்டியவன்தான். ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் நாள் முழுக்க மழை. ரயில் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை கூரை போட்ட நடைபாதை இருந்ததால், மாப்பிள்ளை குடையில்லாமல் நனையாமல் வந்து சேர்ந்தார். கார் வாங்கவில்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினார். கார் விலை வேறு, அதை வைத்திருக்கும் உரிமை வேறு. 1990 முதல் அந்த உரிமைக்கு மாதம் இருமுறை ஏலம், பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். அந்தக் காகிதம் மட்டும் அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. நம் பணத்தில் அறுபது லட்சத்துக்கு மேல். அதற்கப்புறம்தான் காருக்கே வருவார்கள். நெரிசல் நேரத்தில் சில சாலைகளில் நுழைந்தால் தானாகக் காசு பிடிக்கும் ஏற்பாடு 1998இல் வந்தது. அதற்கு முன்பே, 1975இலேயே, நகருக்குள் வரும் காருக்குக் காகித வில்லை வைத்தார்கள். நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 735 சதுர கிலோமீட்டர், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர். நான் திருச்சியில் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்குவதற்குள் இந்த நாடு முடிந்துவிடும். ஆளுக்கொரு கார் என்றால் நிறுத்துவதற்குக் கடல்தான்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

இன்று என் ஆளைப் பார்த்தேன்.

ரயிலில் தானா மேரா வரை போய், அங்கிருந்து 2ஆம் எண் பஸ்ஸில் சாங்கி வில்லேஜ். படகுத்துறையில் மரப்படகுகள், 'பம்போட்' என்கிறார்கள். புலாவ் உபின் தீவுக்குப் போக ஆளுக்கு நான்கு வெள்ளி. நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். அவசரம் என்றால் பன்னிரண்டு பேர் காசையும் நீங்களே கொடுத்துவிட்டுத் தனியாகப் போகலாம். நிமிடம் பிசகாத இந்த ஊரில் ஆள் சேரட்டும் என்று காத்திருக்கிற ஒரு வண்டி! வார நாள் என்பதால் முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். மகளுக்கு எரிச்சல். எனக்கோ புதுக்கோட்டை மினிபஸ்ஸில் உட்கார்ந்த சுகம். பன்னிரண்டாவது ஆள் வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, ஆளாளிடம் கை நீட்டிக் காசு வாங்கி, நோட்டை விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்து வைத்துக்கொண்டார். அந்த மடிப்பைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேசியது சீனம், நான் பேசியது தமிழ். மீதியைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்.

உபினில் ஒரு காலத்தில் கருங்கல் குவாரிகள் இருந்தன. இப்போது அந்தப் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. வாடகை சைக்கிள், தகரக் கூரை வீடுகள், சாலையைக் கடக்கிற காட்டுப்பன்றி. கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற சதுப்பு நிலம். அதை மண் கொட்டி மேடாக்க இருந்தார்கள், மக்கள் எதிர்ப்பால் 2001இல் தள்ளி வைத்தார்கள். வீட்டுக்காரம்மா நாற்பது வருஷத்துக்கு அப்புறம் சைக்கிள் ஓட்டினாள். அதைப் பற்றி எழுதக்கூடாது என்று உத்தரவு.

திரும்பும்போது தூரத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நின்றன. என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலில் மேல்தளத்து டிக்கெட்டில் ஏறி, பினாங்கு வழியாக ஒரு வாரத்துக்கு மேல் கடலில் கிடந்து இந்த ஊருக்கு வந்தவர். ரஜுலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் அதில் தீப்பிடித்தது, அத்தோடு தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிகள் கப்பலும் முடிந்துபோனது. பெரியப்பா கடைசி வரை 'சிங்கப்பூர் போனேன்' என்று சொன்னதில்லை, 'கப்பலுக்குப் போனேன்' என்றுதான் சொல்வார். ஊருக்குப் போவதைவிடக் கப்பலில் இருந்ததுதான் அவருக்குப் பயணம்.

ஏழாம் நாள், வியாழன்

நேற்று கால்வலி, எழுதவில்லை. இன்று வேறு நாட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தேன்.

சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 1924இல் முறைப்படி திறந்தது. 1942 ஜனவரி 31இல் ஜப்பானியர் வருகிறார்கள் என்று ஆங்கிலேயரே அதில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பத்து நாள்கூட அது தாங்கவில்லை, ஜப்பானியர் கடந்துவிட்டார்கள். இந்தியர்களுக்கு இப்போது மலேசியாவுக்கு விசா தேவையில்லை, இணையத்தில் அவர்களுடைய வருகை அட்டையை நிரப்பினால் போதும். ஆனால் உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று முதலில் பாருங்கள். திரும்பி வர வேண்டுமே.

தொழில் பழக்கத்தில் டிரிப் ஷீட் போல நேரம் குறித்துக்கொண்டேன். 8.10க்கு உட்லண்ட்ஸில் 950ஆம் எண் பஸ் கிளம்பியது. 8.25க்குச் சிங்கப்பூர் சோதனைச்சாவடியில் எல்லாரும் பையோடு இறங்க வேண்டும். குடிநுழைவு முடித்துக் கீழே போனால் நாம் வந்த பஸ் நமக்காக நிற்காது. அதே எண்ணில் அடுத்து வருவதில் ஏறிக்கொள்ள வேண்டும். 8.55க்கு ஏறினோம். பாலத்தில் ஊர்ந்தோம். மறுபடி இறங்கி, மலேசியக் குடிநுழைவு. 9.40. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர்! என் சர்வீஸில் இப்படி ஒரு டிரிப் அடித்திருந்தால் டிப்போவில் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் இது கூட்டமில்லாத நாள் என்றார்கள்.

எதிர்ப்பக்கம்தான் பார்க்க வேண்டிய காட்சி. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள், எறும்புச் சாரி போல. ஈசூனில் நான் பேசிய ஒரு தமிழ் பஸ் கேப்டன் அவர்களில் ஒருவர். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மலேசியாவிலிருந்து வண்டியில் வந்து, இங்கே பஸ் ஓட்டிவிட்டு, இரவு அந்த நாட்டில் தூங்குகிறார். பாலத்தை ஒட்டிப் பெரிய தண்ணீர்க் குழாய்கள். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் அதில் வருகிறது, 2061 வரை. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட வேண்டுமானால் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்றும் ஒரு சட்டம். அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு, அதனால்.

ஜொகூர் பாருவில் ராஜமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாடு. திரும்ப ரயிலில் வரலாம் என்று பார்த்தேன். ஐந்தே நிமிடப் பயணம். சிங்கப்பூரிலிருந்து வந்தால் 5 வெள்ளி, இங்கிருந்து போனால் 5 ரிங்கிட், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. டிக்கெட் எல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தது. 2026 இறுதிக்குள் புது ரயில் பாதை திறக்கப்போவதாகச் சொல்கிறார்கள். மணிக்கு ஒரு பக்கம் பத்தாயிரம் பேர். பாலத்துக்குப் பக்கத்தில் தூண்கள் நிற்பதைப் பார்த்தேன். மறுபடி பஸ்ஸிலேயே திரும்பினேன். இந்த முறை இறங்கும்போது கார்டைக் காட்ட மறக்கவில்லை. பேத்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள், சனி

கோடாரித் தைலம் பன்னிரண்டு, அக்கம்பக்கத்துக்கு. பெட்டியை எடைபோட்டபோது ஒன்றரைக் கிலோ கூடுதல். வீட்டுக்காரம்மா வரிசையை விட்டு விலகித் தரையில் பெட்டியைத் திறந்து தைலத்தை என் சட்டைப் பைகளில் போட்டாள். ஒரு நல்ல விஷயம், நாங்கள் போன முனையத்தில் பாதுகாப்புச் சோதனை விமானக் கதவுக்குப் பக்கத்தில்தான். அதுவரை பையில் மணக்க மணக்க நடந்தேன். அங்கே ஒவ்வொரு புட்டியாக எடுத்து வைத்தேன். அந்தப் பெண் எண்ணி முடித்து, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். எல்லாம் நூறு மில்லிக்குக் குறைவான புட்டிகள்.

நடுவில் விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்துக்குள் போய் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற உள்ளரங்க அருவியைப் பார்த்தோம். மகள் அழுதாள், பேத்தி ஐஸ்கிரீம் கேட்டாள்.

திருச்சியில் இறங்கி, புது முனையத்திலிருந்து மெயின் ரோடு வரை நடந்தோம். டாக்சி வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம். புதுக்கோட்டை பஸ் வந்தது. முன்படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை அறியாமல் பையிலிருந்து அந்தப் பயண அட்டையை எடுத்துக் கதவோரம் எங்கே காட்டுவது என்று தேடினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க. எங்க போகணும்?"

"ரெண்டு புதுக்கோட்டை" என்று ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். புதுப் பையன், என்னைத் தெரியாது. தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"காலங்காத்தால எல்லாரும் ஐந்நூறைக் குடுத்தா எப்படிய்யா? சில்லறை இல்லையா?"